அம்மா பெயருக்குப் போட்ட அம்பு

வளைந்த அம்புக்குறியை எனக்குப் பிடிக்காது. நேர் அம்போடு எனக்கு வம்பு வழக்கு ஒன்றும் இல்லை. இப்படிப் போனால் ஆஸ்பத்திரி, அப்படிப் போனால் கழிப்பறை என்று அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். வளைந்த அம்புதான் ஆகாது. இப்போது எங்கே பார்த்தாலும் அதுதான். கடைப் பலகையில், விளம்பரத் தாளில், என் பேரப்பிள்ளைகள் தேய்த்துக்கொண்டிருக்கும் போனில். அழகுக்காகப் போடுகிறார்களாம். போட்டுக்கொள்ளட்டும். நான் அதை முதன்முதலாக அச்சில் பார்த்தது என் சொந்தக் கல்யாணப் பத்திரிகையில். போடச் சொன்னவர் என் அப்பா. அது என் அம்மாவின் பெயரிலிருந்து கிளம்பியது.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையின் தெற்குச் சரிவில், செங்கத்தைப் பார்த்தாற்போல் இருந்தது. சாமையும் கேழ்வரகும் விதைப்போம். புளியை உலுக்கி, கொட்டை எடுத்து, தலைச்சுமையாகச் செங்கம் சந்தைக்கு இறக்குவோம். மலையில் இருந்த தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தார்கள். அங்கே எட்டாவது வரை படித்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு முறை லீவுக்கு வந்தபோது வீட்டில் அம்மா இல்லை. வேறு ஒருவரோடு போய்விட்டாள் என்று அத்தை சொன்னாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. புருஷன் செத்த பிறகு எங்களோடு வந்து இருந்தவள். அம்மா போனதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. அதை நான் மறக்கவில்லை.

எங்கள் மலை ஜனத்தில் இது நடக்காத காரியம் இல்லை. வாழப் பிடிக்கவில்லை என்றால் பெண் போகலாம். அவளை வைத்துக்கொள்கிறவன் முதல் கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்ட பரியப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். ஊர்ப் பெரியவர் முன்னால் பழைய புருஷன் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டுவிட்டால் தீர்ந்தது. பிள்ளைகள் மட்டும் அப்பன் வீட்டில்தான் இருக்க வேண்டும். என் அம்மா செய்தது இவ்வளவுதான். மறைந்து ஓடவில்லை. பகலில், எல்லோரும் பார்க்க, முறைப்படி போனாள். அப்பாவும் துரும்பைக் கிள்ளிப் போட்டார். மனசுக்குள் இருந்ததைக் கிள்ளிப் போடவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். ஏர் இழுக்காமல் சண்டித்தனம் செய்யும் ஒரு மாடு இருந்தது. அதற்கு அப்பா அம்மாவின் பெயரை வைத்தார். தினமும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அடிப்பார். ஊர்க்காரர்கள் வேலியோரம் நின்று ரசிப்பார்கள். உங்க அம்மா எங்கே என்று யாராவது என்னைக் கேட்டால், செத்துப் போச்சு என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு கிடையாது. நான் சொல்லிவிடுவேன். பசி பெரிய வாத்தியார்.

எனக்கு அம்மா மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ராத்திரியில் அவளைத் திட்டிக்கொண்டேதான் தூங்குவேன். ஆனால் சந்தையில் கூட்டத்துக்கு நடுவே அவள் தலை தெரிந்துவிட்டால் எனக்கு உடம்பெல்லாம் பதறும். அவளும் பார்ப்பாள். அப்பா என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விடுவார். வருஷக்கணக்கில் என் அம்மாவை நான் பார்த்தது அவ்வளவுதான், வெங்காய மூட்டைகளுக்கு மேலே ஒரு தலை.

எனக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்தது எண்பதுகளின் தொடக்கத்தில். மாப்பிள்ளை வீட்டார் படவேட்டுப் பக்கம் அடிவாரத்தில் நிலம் வைத்திருந்த எங்கள் ஜனத்துக் குடும்பம். அவர்களுக்குக் கீழ்நாட்டுப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. பத்திரிகை அடிக்க வேண்டும் என்றார்கள். அதுவரை எங்கள் ஊரில் வெற்றிலை பாக்கு வைத்து வாயால் அழைப்பதுதான் வழக்கம். அச்சடித்த தாள் என்றதும் அப்பாவுக்கு ஒரே பெருமை. ஊரிலேயே முதல் பத்திரிகை.

எனக்குப் பத்திரிகையும் வேண்டாம், பந்தலும் வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. எங்கள் வழக்கப்படி, பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போகும் நாளில், பெற்றவள் தன் கையால் பெண்ணின் தலையில் முதல் எண்ணெய் வைக்க வேண்டும். பெற்றவள் விட்டுப் போயிருந்தாலும் அந்த ஒரு நாள் அவள் வரலாம். யாரும் தடுக்க முடியாது. பெற்றவள் செத்திருந்தாலோ வராமல் போனாலோதான் அத்தை வைப்பாள். அம்மா வர வேண்டும், அவள் கை என் தலையில் பட வேண்டும். அவ்வளவு நாள் அவளைத் திட்டிக்கொண்டே காத்திருந்தது அதற்குத்தான்.

பத்திரிகை வாசகத்தை நான்தான் எழுதினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தேன். அம்மா பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"முன்னாடி காலஞ்சென்றன்னு போடு."

செத்தவர்கள் பெயருக்கு முன்னால் அப்படிப் போடுவார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நேரே ஊர்ப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா பண்ற? உசுரோட கீறவளைச் செத்துட்டான்னு அச்சடிப்பியா? நாளைக்கு மாப்ள வூட்டுக்காரன் வந்து கேட்டா நான்தான பதில் சொல்லணும்?"

"எனக்கு அவ செத்தவதான்."

"உனக்குச் செத்திருக்கலாம். புள்ளைக்கு இன்னும் சாவல. பேரு ஒழுங்கா வரணும். எண்ணெயும் அவதான் வெக்கணும்."

அப்பா தலையை ஆட்டினார். அவர் எதற்காவது சீக்கிரம் தலையாட்டினால் பயப்பட வேண்டும். அது எனக்குத் தெரியும். இருந்தும் அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன்.

செங்கத்தில் சந்தைக்குப் பின்னால் ஒரு அச்சகம் இருந்தது. எழுத்துப் பிழை பார்க்க ஆள் வேண்டும் என்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். உள்ளே மண்ணெண்ணெய் வாசனையும் மை வாசனையும் அடித்தது. ஒரு ஆள் சின்னச் சின்ன அறைகள் கொண்ட பலகையிலிருந்து ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்துக்கொண்டிருந்தார். முதலாளி என் தாளை வாங்கிப் படித்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

அப்பா செருமினார். "பொண்ணோட அம்மா பேரு கீதுல்ல, அதுக்கு முன்னாடி ஓடிப்போனன்னு சேர்த்துக்கோ."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கவுண்டரே, இது கல்யாணப் பத்திரிகை. போலீஸ் ஸ்டேஷன் நோட்டீஸ் இல்ல. அந்த மாதிரி வார்த்தையெல்லாம் என் மிஷின்ல ஓட்ட மாட்டேங்க."

"நான் சொல்றதப் போடறதுக்குத்தான நீ கீற?"

"வேற கடை பாருங்க."

அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு. அப்பா கடையைச் சுற்றிப் பார்த்தார். பிள்ளையார், குத்துவிளக்கு, கைகூப்பின இரண்டு கை என்று படம் அச்சடிக்கும் பிளாக்குகள் ஒரு தட்டில் அடுக்கி இருந்தன. ஓரத்தில் ஒன்று தனியாகக் கிடந்தது. விரல் நீளத்துக்கு ஒரு வளைந்த அம்பு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மா போன பிறகு அப்பா சில காலம் மூங்கில் லாரியில் சுமை ஏற்றும் ஆளாகப் போனார். போளூர்ப் பக்கம் இறங்கும் மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு போர்டு வைத்திருப்பார்கள். கறுப்பு அம்பு, கொண்டை ஊசி மாதிரி மடங்கி. அம்பு எந்தப் பக்கம் மடங்குகிறதோ ரோடு அந்தப் பக்கம் போகும் என்று டிரைவர் அவருக்குச் சொல்லியிருந்தார். என் அப்பாவுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே எழுத்து அது.

"இது இன்னா?" என்று எடுத்துக் காட்டினார்.

"அதுவா, நோட்டீஸ்ல அடியில போடறதுங்க. மறுபக்கம் பாருங்கன்னு."

"இதப் புரிஞ்சிக்கப் படிச்சிருக்கணுமா?"

"அம்புக்கு இன்னாத்துக்குங்க படிப்பு?"

"அப்ப இதப் போடு. அவ பேர்ல ஆரம்பிச்சு, வெளிய போயி, இப்டி மடங்கி, அடியில வந்து நிக்கணும். அங்க அவ இப்ப கீற ஊரையும், அவன் பேரையும் போடு."

முதலாளிக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. "அம்மா பேருக்கு எதுக்குங்க அம்பு?"

"அவ போன வழி," என்றார் அப்பா.

எழுத்தைக் கோத்துக்கொண்டிருந்த ஆள் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை, வேடிக்கையான பேச்சைக் கேட்டால் வருகிற சிரிப்பு. அவமானத்துக்கு எனக்கு அதுவே போதுமாக இருந்தது. "அம்பு வேணாம்பா," என்றேன். முடிப்பதற்குள் கன்னத்தில் விழுந்தது. காது ஙொய் என்றது.

"பொம்பளப் புள்ளைய இங்க வெச்சு அடிக்காதீங்க கவுண்டரே," என்றார் முதலாளி. வெளியே வைத்து அடித்தால் அவருக்கு ஆட்சேபணை இல்லை போலிருக்கிறது. அதற்கு மேல் அவரும் வம்பு வளர்க்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் தப்பாக எதையும் அச்சடிக்கவில்லையே. ஒரு பெயர், ஒரு ஊர், நடுவில் ஒரு படம். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. காலஞ்சென்ற என்று போட்டால் பெரியவர் தடுப்பார். ஓடிப்போன என்று போட்டால் அச்சகத்துக்காரர் தடுப்பார். அம்பைத் தடுக்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. படிக்காத மனுஷனின் மூளை அன்றைக்கு அப்படி வேலை செய்தது.

பத்திரிகையைச் சுற்றிப் பூ பார்டர் கட்டியிருந்தார்கள். அம்பு வெளியே போக வழியில்லை.

"பார்டர் இடிக்குதுங்க," என்றார் எழுத்துக் கோக்கிறவர்.

"பார்டரை வெட்டு," என்றார் அப்பா.

வெட்டினார்கள். பூவரிசையில் ஒரு ஓட்டை. அதன் வழியாக அம்பு வெளியேறி, ஓரமாக வளைந்து, அடியில் இருந்த ஊர்ப் பெயரில் போய்க் குத்தி நின்றது. ஈரத்தாளில் முதல் பிரதியை எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. கன்னம் எரிய எரிய அதைத்தான் சரிபார்த்துச் சொன்னேன். அப்பா அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மலையேறும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார். பிள்ளையார் படம் இருந்ததால் தலைகீழாகப் பிடிக்கவில்லை.

நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலையோடு ஊரில் கொடுத்தோம். இனிமேல்தான் அப்பா எதிர்பார்க்காதது நடந்தது. எங்கள் ஊரில் யாரும் அதுவரை கல்யாணப் பத்திரிகையைப் பார்த்ததில்லை. படிக்கத் தெரிந்தவர்களும் இல்லை. பத்திரிகை என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டார்கள். மேலே பிள்ளையார், நடுவில் எழுத்து, ஓரத்தில் அம்பு. யார் பெயரிலிருந்து அம்பு போகிறது என்று என்னைக் கேட்டார்கள். அம்மா பெயர் என்றேன். "பெத்தவளுக்கு மட்டும் தனியா மரியாத பண்ணிருக்கான்யா. விட்டுட்டுப் போனவளுக்கே பண்ணிருக்கான் பாரு," என்று அப்பாவை மெச்சினார்கள். பத்திரிகையைச் சுவரில் ஒட்டி வைத்தார்கள். அடுத்து கல்யாணம் வைத்திருந்த ஒருவர், தன் மகள் பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்கு இதே மாதிரி அம்பு வேண்டும், எந்தக் கடையில் போட்டாய் என்று அப்பாவிடமே வந்து கேட்டார்.

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கடித்து வைத்த கடி யாருக்கும் வலிக்கவில்லை. வீடு வீடாகப் போய் இது மரியாதை இல்லை, கேவலப்படுத்தப் போட்டது என்று விளக்கவா முடியும்? ஓரிரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தார். அவர்கள் அம்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்படியா என்றார்கள். நான் உள்ளே போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தேன். என் கல்யாணத்தில் நான் மனசாரச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலையில் ஒரு பத்திரிகையை என் மடியில் போட்டார்.

"உங்கம்மாவுக்கு நீயே போய்க் குடு. குடுத்துட்டுச் சும்மா வந்துடாத. படிச்சுக் காட்டு. அம்பு இன்னாத்துக்குன்னு வெவரமாச் சொல்லு."

துணைக்கு அத்தையை அனுப்பினார். அம்மா முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து வந்து சொல்வதற்கு. இரண்டு மேடு தாண்டி, ஓடை இறங்கி, அம்மா வாழ்ந்த ஊருக்குப் போனோம். ஊர் எல்லைப் புளியமரத்தடியில் அத்தை உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டு மண்ணை மிதிக்க மாட்டாளாம். "இங்கருந்தே எனக்கு நல்லாத் தெரியும், நீ போ," என்றாள். வீடும் வாசலும் அங்கிருந்து தெரிந்தன. பேச்சு கேட்காது.

அம்மா வாசலில் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். கையெல்லாம் புளி. கட்டிப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கைகளை அகலப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய புருஷன் என்னைப் பார்த்து, "வாம்மா," என்று சொல்லிவிட்டு, எங்களைத் தனியாக விட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனுஷர். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பத்திரிகையை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பிள்ளையாரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு விரல் அம்பில் போய் நின்றது.

"இது இன்னா?"

நான் உண்மையைச் சொன்னால் அவள் வரமாட்டாள். அது எனக்கு நிச்சயம். அவளுக்கு ரோஷம் உண்டு, ரோஷத்தினால்தான் அந்த வீட்டை விட்டுப் போனாள். அவள் வராவிட்டால் அத்தை என் தலையில் எண்ணெய் வைப்பாள். அத்தையின் கையை என் தலையில் நினைத்துப் பார்த்தேன்.

"மொத எண்ணெய் வெக்கிறவங்க பேருக்கு அம்பு போடுவாங்கம்மா," என்றேன். "அதுங்கீழ உன் ஊரு பேரும் வூட்டுக்காரர் பேரும் கீது. எங்கருந்து வர்றாங்கன்னு நாலு பேருக்குத் தெரியணும்ல?"

"உங்கப்பனா போடச் சொன்னான்?"

"ஆமா."

அதில் மட்டும் பொய் இல்லை. அம்மா நம்ப முடியாமல் பார்த்தாள். அம்பின் மேல் விரலை வைத்து, பெயரில் தொடங்கி வளைவோடு போய், கூர் முனையில் நிறுத்தினாள். திரும்பவும் போனாள். "அவர் பேர் கூடப் போட்டிருக்கானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். வாய்விட்டு, பல் தெரிய, சின்னப் பெண் மாதிரி. "காலம் போனா மனுஷன் மாறுவான் போல கீது," என்றாள்.

அந்தச் சிரிப்பை அத்தை புளியமரத்தடியிலிருந்து பார்த்தாள்.

இதைப் பிறரிடம் சொன்னால், நீ ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் யாரும் அப்பன் கொடுத்த விஷத்தைப் பெற்றவளுக்கு ஊட்டிப் பார்த்தவர்கள் இல்லை. அந்த வேலையை அவர் என் தலையில் கட்டினார். நான் செய்யவில்லை. அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. என் வயிற்றெரிச்சல் வேறு.

"அவ சிரிச்சாடா," என்று வீட்டுக்குத் திரும்பியதும் அத்தை அப்பாவிடம் பற்றவைத்தாள். அப்பா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டார். எனக்கும் போடச் சொன்னார். கல்யாணம் வரைக்கும் என்னிடம் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. ஊரே, பெண்ணைப் பிரியப் போகிற துக்கம் என்றது.

எண்ணெய் வைக்கும் நாள் வந்தது. பந்தலில் என்னை மணையில் உட்கார வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டோடு வந்து ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்ப் பெரியவர், பங்காளிகள், எல்லோரும் இருந்தார்கள். அம்மா வந்தாள். புதுச் சேலை. கையில் சொம்பு. மஞ்சள் கலந்த விளக்கெண்ணெய், தானே ஆட்டி எடுத்தது என்றாள். அப்பா எதிர்கொண்டு போய், "வா," என்று கூப்பிட்டு, என் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாள். இடுப்பில் செருகியிருந்த பத்திரிகையை எடுத்துப் பிரித்தாள். "பாருங்க சம்பந்தி, எம்பேருக்கு மட்டும் அம்பு போட்டிருக்காங்க. மொத எண்ணெய் வெக்கிறவளுக்குத்தான் போடுவாங்களாம். எம்பொண்ணு படிச்சுச் சொல்லுச்சு."

அப்பா இதற்குத்தான் காத்திருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்கு நடுவே வந்தார்.

"அப்டியா சொல்லுச்சு?" என்றார் சத்தமாக. பேச்சுச் சத்தம் அடங்கியது. "மலை ரோட்ல வளைவு வருதுன்னு போர்டு வெச்சிருக்கான்ல, அந்த அம்பும்மா இது. வண்டி எந்தப் பக்கம் திரும்புதுன்னு காட்டறதுக்கு. நீ எந்தப் பக்கம் திரும்பிப் போன, எவன் வூட்டாண்ட போய் நின்னன்னு, பேரும் ஊருமாப் போட்டு வெச்சிருக்கேன். பார்டரைக் கூட வெட்டி உட்டுருக்கேன் பாரு, நீ வெளிய போவறதுக்கு."

பின்வரிசையில் ஒருவன் கொக்கரித்தான். அவ்வளவுதான், பந்தலே சிரித்தது. ஊரே இப்போதுதான் அம்பைப் படித்தது. சுவரில் ஒட்டி வைத்தவர்கள், மரியாதை என்று மெச்சியவர்கள், ஒருவர் தொடையை ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். தோள்கள் குலுங்கின. பெயர் ஒழுங்காக வர வேண்டும் என்று சண்டை போட்ட ஊர்ப் பெரியவர், தாடையைத் தடவுவதுபோல் கையை வைத்துச் சிரிப்பை மறைத்தார். அவருக்கும் அது நல்ல நகைச்சுவையாக இருந்திருக்கிறது. எங்கள் ஜனம் வெள்ளந்தி என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பந்தல்தான் ஞாபகம் வரும்.

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

பத்திரிகையை மடித்தாள். அதைக் கீழே போடவில்லை, கிழிக்கவில்லை. பழையபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அவள் சொம்பை எடுத்து, உள்ளங்கை நிறைய எண்ணெய் ஊற்றி, என் உச்சந்தலையில் வைத்து அழுத்தினாள்.

அவ்வளவு வருஷம் நான் கேட்டது அந்தக் கை. அது என் தலையைத் தேய்த்தது. நகம் தோலில் இறங்கும்படி, மண்டை ஓடு நோகும்படி தேய்த்தது. குனிந்து என் காதோரம் பேசினாள். மற்றவர்களுக்கு அது வாழ்த்துவது போலத் தெரிந்திருக்கும்.

"அவன் இப்டிப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் போனேன். நீ உள்ளதச் சொல்லி இருந்தா எங்க வூட்டு மூலையில குந்தி அழுதிருப்பேன். என்னைச் சிங்காரிச்சு இட்டாந்து, இத்தினி பேர் சிரிக்கறதுக்கு நடுவுல குந்த வெச்சிட்டியே."

"நீ வரணும்னுதாம்மா..."

"வந்துட்டேன். எண்ணெய் வெச்சுட்டேன். இதோட சரி. இனிமே நீ யாரோ, நான் யாரோ."

எண்ணெய் நெற்றியில் இறங்கிக் கண்ணுக்குள் போனது. மஞ்சள் எரிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினேன். முதல் எண்ணெயைத் துடைக்கக் கூடாது என்று அத்தை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் தாரையாக வழிந்தது. பெண் அழுகிறாள், நல்ல சகுனம் என்று மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொண்டது கேட்டது.

கண்ணைத் திறக்க முடிந்தபோது பந்தலில் அம்மா இல்லை. மாப்பிள்ளையின் அம்மா வந்து என் தலையைத் தொட்டுப் பார்த்து, என்ன இருந்தாலும் பெற்றவள் கை பெற்றவள் கைதான், எவ்வளவு அழுத்தி வைத்திருக்கிறாள் பார் என்று தன் மகளிடம் சொன்னாள். எனக்கு ஒவ்வொரு பிள்ளை பிறந்தபோதும் அம்மாவுக்கு ஆள் அனுப்பினேன். வரவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னைத் தொடவே இல்லை.